நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லையே, மக்னெற்றாருக்குக் காந்தப்புலம் எங்கிருந்து வருகிறது?

கிளிநொச்சியில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். அடிப்படையைத் தொடும் கேள்வி. மக்னெற்றார் என்பது மிக வலிமையான காந்தப்புலம் கொண்ட நியூத்திரன் விண்மீன்.

நியூத்திரன் விண்மீன் முழுவதும் நியூத்திரன்களால் ஆனதன்று. அதன் உள்ளே நூற்றுக்குச் சில பங்கு புரோத்தன்களும் அவற்றை ஈடுசெய்யும் இலத்திரன்களும் உள்ளன. ஆகவே அது மிகச் சிறந்த கடத்தி. பாரிய விண்மீனின் அகடு (மையப்பகுதி) ஏறத்தாழ 10 கிலோமீற்றர் ஆரைக்குச் சுருங்கி நியூத்திரன் விண்மீனாகும்போது, கடத்தும் பொருளில் சிக்கிய காந்தப்பாயம் (பரப்பினூடு செல்லும் புலத்தின் மொத்த அளவு) மாறாதிருக்கப் பரப்பு மட்டும் குறைவதால், புலம் இலட்சம் கோடி கௌஸ் (காந்தப்புலத்தின் அலகு) அளவுக்கு உயர்கிறது. வன்னியில் திசைகாட்டியைத் திருப்பும் புவிப்புலம் அரைக் கௌசுக்கும் குறைவு.

மக்னெற்றாரின் புலமோ கோடி கோடி கௌஸையும் தாண்டும். 1992இல் வானியற்பௌதிகவியலாளர்களான டங்கனும் தொம்சனும் தந்த விளக்கமே எனக்கு வலுவானதாகத் தெரிகிறது: பிறந்த முதற்சில செக்கன்களில், மில்லிசெக்கன் கணக்கில் சுழலும் விண்மீனின் கொந்தளிக்கும் பாய்மம் இயக்கச் சக்தியைக் காந்தப்புலமாக மாற்றும் தைனமோவாக இயங்கிப் புலத்தைப் பெருக்குகிறது.

அப்புலம் விண்மீனின் திண்ம மேலோட்டை முறுக்கி உடைக்கும்போது காமாக் கதிர்கள் வெடித்துக் கிளம்புகின்றன. தனு இராசித் திசையிலுள்ள எஸ்.ஜி.ஆர். 1806-20 என்ற மக்னெற்றாரின் வெடிப்பு 2004 டிசெம்பர் 27இல் புவியை எட்டி, வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றத் துணிக்கைகள் நிறைந்த அயன மண்டலத்தையே கலக்கியது. சூரியன் பல்லாயிரம் ஆண்டுகளில் வெளியிடும் சக்தி ஒரு செக்கனுக்குள் வெளிப்பட்டது. முல்லைத்தீவை ஆழிப்பேரலை அழித்ததற்கு மறுநாள் அது. பேரலைக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கம். இரண்டையும் தொடர்புபடுத்துவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஏறத்தாழ 10,000 ஆண்டுகளில் புலம் தேய்ந்து, இத்தகைய வெடிப்புகளும் அடங்கிவிடுகின்றன.