வாசகர் கேள்வி-பதில்: புளியமரத்தில் தச்சு மேஜை

கேள்வி: தோட்டத்தில் சாய்ந்த புளியமரத்தை மில்லில் 3 அங்குலப் பலகைகளாக அறுத்து வைத்திருக்கிறேன். இன்னும் பச்சைதான். வீட்டுப் பட்டறைக்கு 6 அடிக்கு 2 அடியில் தச்சு மேஜை செய்ய ஆகுமா? எவ்வளவு மரம் பிடிக்கும்?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: தாராளமாக ஆகும். புளி வைரத்தின் (மரத்தின் நடுவிலுள்ள கருத்த பகுதி) கனமும் கடினமும் தச்சு மேஜைக்கு அருமையாகப் பொருந்தும். வெளிப்புற வெள்ளையை நம்பாதீர்கள். வண்டு விழுந்து மாவாக உதிரும். அதைக் கழித்துவிடுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில், மரம் ஈரமாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுங்கள். காய்ந்தபின் பூசினால் உள்ளே இறங்காது.

3 அங்குலப் பலகையை அப்படியே காயவைக்க வேண்டாம். நிழலில் காய, ஓர் அங்குலத் தடிமனுக்குத் தோராயமாக ஓராண்டு ஆகும். இப்போதே 2 அங்குலச் சட்டங்களாகக் கீறி, இரு முனைகளிலும் பெயின்ட் அடித்து, நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். முனை திறந்திருந்தால் அங்கேதான் முதலில் வெடிக்கும். ஒரு துண்டை மாதம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. பிறகு இழைத்து, சட்டங்களைக் குத்துவாக்கில் நிறுத்தி ஒட்டினால் மேல்பலகை தயார். காய்ந்து இழைத்தபின் சட்டம் 2 அங்குலத்துக்குக் குறைந்துவிடும் என்பதால், 24 அங்குல அகலத்துக்கு 14 சட்டங்கள் பிடிக்கும். கால், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து மேஜையில் நிற்பது சுமார் 5 கன அடி. கழிவுக்கும் சேர்த்து 7 கன அடி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ போட்டுச் செய்த மேஜை, இழைப்புளி தள்ளும்போதெல்லாம் ஆடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: தள்ளும் விசை முழுவதையும் ஸ்க்ரூ தாங்குகிறது, மரத்தின் நார் நசுங்கி ஓட்டை பெரிதாகிவிடுகிறது. இன்னும் நாலு ஸ்க்ரூ முறுக்கினாலும் கொஞ்ச நாள்தான் நிற்கும். துளையும் கழுந்துமாக, அதாவது சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி (இதுதான் கழுந்து) காலில் வெட்டிய துளையில் செருகும் இணைப்பாக மாற்றுங்கள். 2 அங்குலச் சட்டத்துக்குக் கழுந்து முக்கால் அங்குலக் கனம், இரண்டரை அங்குல நீளம். நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் காலில் ஒரே மட்டத்தில் வந்தால் துளைகள் உள்ளே ஒன்றையொன்று வெட்டும். ஒன்றைக் கீழே இறக்குங்கள். காலில் ஆணித் துளை போட்டு, கழுந்தைச் செருகி அடையாளம் எடுங்கள். கழுந்தில் போடும் துளையை மட்டும் தோள்பக்கமாக (கழுந்து தொடங்கும் படியை நோக்கி) ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். காய்ந்த மூங்கில் ஆணியை அடிக்கும்போது அது கழுந்தைக் காலோடு இழுத்து இறுக்கும். இந்த ஒன்றரை மில்லிமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். 3 மில்லிமீட்டராக்கினால் ஆணி உடையும், அல்லது கழுந்து பிளக்கும்.

கேள்வி: மேல்பலகையை இறுக்கிப் பொருத்தலாமா? உயரம் எவ்வளவு?
– வாசகர், பென்னாகரம்

பதில்: முன்பக்கம் மட்டும் இறுக்குங்கள். பின்பக்க ஸ்க்ரூ துளைகளை மேஜையின் அகலவாக்கில் நீளமாக்கி, வாஷர் போடுங்கள். சித்திரை வெயிலில் சுருங்கும் பலகை ஐப்பசி மழையில் உப்பும். நகர இடமில்லையென்றால் வளையும், இல்லையேல் வெடிக்கும். உயரத்துக்கு, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு வரும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 31 முதல் 33 அங்குலம் வரும். இழைப்பு வேலைதான் அதிகமென்றால் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.