அரங்கேற்றத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: அன்புள்ள அம்மா, என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு வருடமாகப் பரதநாட்டியம் கற்கிறாள். மாதம் 1,500 ரூபாய் கட்டணத்தை எப்படியோ சமாளித்து வருகிறோம். வரும் தை மாதம் அரங்கேற்றம் வைத்துவிடலாம் என்கிறார் டீச்சர். விசாரித்ததில் நான்கு லட்சம் ஆகும் போலிருக்கிறது. கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். என் நகைகளை அடகு வைக்கலாமா? மறுத்தால் குழந்தை மனம் உடைந்துபோவாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அடகு வைக்க வேண்டாம், சகோதரி. உங்கள் மகள் தொடர்ந்து ஆட வேண்டும் என்ற ஆசையில்தான் இதைச் சொல்கிறேன்.

மேடையின் ஓரத்தில் தாளத்தோடு உட்கார்ந்து பல பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம் செய்தவள், அதாவது தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தியவள் நான். அந்தப் பணம் எங்கெங்கே போகிறது என்று தெரியும். பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என ஒவ்வொருவருக்கும் சன்மானம், ஒத்திகைக்குத் தனி. பிறகு பட்டில் தைத்த உடைகள், நகை செட், மேக்கப், மண்டபம், ஒலி, ஒளி, வீடியோ, அழைப்பிதழ், சாப்பாடு, குருவுக்கு மரியாதை. இத்தனையிலும் பிள்ளையின் உடம்பில் தங்குவது ஒத்திகை மட்டுமே. வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உழைப்புக்கான கூலி. மற்றவை கல்யாணச் செலவு.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். அரங்கேற்றத்தின் மிக நீண்ட உருப்படியான வர்ணம் அரை மணிக்கு மேல் நீளும். தொடக்கத்தில் வரும் முதல் தீர்மானம் என்ற அடவுக் கோர்வையில், முழங்காலை மடக்கி நன்றாக அரைமண்டியில் உட்கார்ந்து ஆடுகிற பிள்ளை, பிற்பாதியான சரணத்துக்கு வரும்போது முழங்காலை நிமிர்த்திவிடுவாள். மூச்சு வாங்கும், கண் அபிநயத்தை விட்டுவிட்டு டீச்சரைத் தேடும். இன்னும் இரண்டு மூன்று வருடப் பயிற்சி இருந்தால் அந்த வர்ணமே வேறு மாதிரி இருக்கும். அவசரமாக மேடையேறி, அடுத்த வருடமே பொதுத்தேர்வு என்று சலங்கையைப் பரணில் போட்டுவிட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது உங்களுக்கு அவசரமான வேலை வேறு இருக்கிறது. மத்திய அரசின் கலாசார அமைச்சகத்தின் கீழ் உள்ள சி.சி.ஆர்.டி. என்ற மையம், கலை கற்கும் பள்ளி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்கும் வயது 10 முதல் 14 வரை. உங்கள் மகளுக்கு வாசல் மூடப்போகிறது! நிபுணர் குழுவுக்கு முன் ஆடிக் காட்ட வேண்டும். தேர்வானால் ஆண்டுதோறும் ஒரு தொகையும், குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் ஓர் உச்சவரம்பு வரையும் கிடைக்கும். பயிற்சி தொடர்ந்தால் 20 வயது வரை, அல்லது முதல் பட்டப்படிப்பு முடியும் வரை புதுப்பிக்கலாம். கிடைப்பது பெரிய தொகை அல்ல. ஆனால் உங்கள் மாதக் கட்டணத்தின் பாரத்தை நிச்சயம் குறைக்கும். பின்னாளில், 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு அதே அமைச்சகத்தின் இன்னொரு திட்டம் உண்டு: மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. அதற்குக் குருவிடம் குறைந்தது ஐந்து வருடம் பயின்றிருக்க வேண்டும். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் கலையையே முழுநேரமாகக் கற்க நினைத்தால், தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் பரதநாட்டியத்துக்கு மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. தனியார் வகுப்போடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு.

டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்றுதானே தயங்குகிறீர்கள்? கணவரையும் அழைத்துக்கொண்டு, வகுப்பு இல்லாத நேரத்தில் போங்கள். “இப்போதைக்கு வசதி இல்லை, ஆனால் வகுப்பை நிறுத்த மாட்டோம்” என்று நேராகச் சொல்லுங்கள். நவராத்திரிக்கோ சிவராத்திரிக்கோ கோயில் மேடையில் தொடக்க உருப்படியான ஓர் அலாரிப்பும், பாட்டுக்கு அபிநயம் பிடிக்கும் ஒரு பதமும் ஆட வாய்ப்புக் கேளுங்கள். பதிவு செய்த இசை போதும், உடையை வாடகைக்கு எடுக்கலாம். நல்ல ஆசிரியை இதை மறுக்க மாட்டார். முகம் சுளித்தால், பிள்ளையை அவரிடம் மேற்கொண்டு விடலாமா என்று யோசியுங்கள்.

மகளிடமும் கணக்கை மறைக்காதீர்கள். 13 வயதுப் பிள்ளைக்கு நான்கு லட்சம் என்றால் என்னவென்று புரியும். அரங்கேற்றம் தள்ளிப்போகிறது, நாட்டியம் நிற்கவில்லை என்பதை அவளுக்கு விளங்க வையுங்கள். இந்த மாதத்திலிருந்து கட்டும் கட்டணத்துக்கு டீச்சரிடம் கையெழுத்திட்ட ரசீதும் வாங்கி வையுங்கள். உதவித்தொகைக்கு அது தேவைப்படும்.