குறும்பட மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவின் இன்னு இளைஞர்கள் சில நிமிடப் படங்களாலேயே இயக்குநர் ஆகிவிடுகிறார்களாமே? இன்னு என்றால் எஸ்கிமோதானே?
– வாசகி, தாராவி, மும்பை

பதில்: எஸ்கிமோ என்று நாம் படித்தவர்கள் இனுயிட். இன்னு வேறு இனம். கியூபெக்கிலும் லாப்ரடாரிலும் வாழ்கிறார்கள். மொழி இன்னு-அய்முன்.

அவர்கள் ஊர்கள் பல மாண்ட்ரியலிலிருந்து வெகுதூரம். 2004இல் மனோன் பார்போ தொடங்கிய ‘வபிகோனி மொபைல்’, கேமராவும் எடிட்டிங் வசதியும் ஏற்றிய வண்டியைப் பூர்வகுடி ஊர்களுக்கே ஓட்டிப் போனது. வண்டி சில வாரங்கள் நிற்கும். அதற்குள் எழுதி, எடுத்து, எடிட் செய்து, ஊர்க்காரர்கள் முன்னால் திரையிட்டாக வேண்டும். நீளம் சில நிமிடத்தோடு நிற்பது அதனால்தான். கவிஞரான ரெயால் ஜூனியர் லெப்ளாங் அப்படி வந்தவர். 2012இல் 138ஆம் எண் நெடுஞ்சாலையில் இன்னு மக்கள் நடத்திய மறியலைப் படமாக்கினார். இப்படி வந்தவர்களுக்குப் பிறகு டொராண்டோவின் ‘இமேஜின்நேட்டிவ்’, மாண்ட்ரியலின் ‘பிரசான்ஸ் ஓட்டோக்டோன்’ போன்ற பூர்வகுடி விழாக்கள், கலை மன்ற நிதி, பயிற்சி வகுப்பு என்று பிழைப்பு நகரும். குறும்பட டிக்கெட் காசில் எங்கேயும் யாரும் வாழ்வதில்லை.

கேள்வி: போனில் 7 நிமிடத் தமிழ்ப் படம் எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடுகிறது. யூடியூபில் போட்டுவிட்டு விழாவுக்கு அனுப்பலாமா?
– வாசகர், சயான், மும்பை

பதில்: கோட்டுக்குக் காரணம் நம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். உங்கள் போன் நொடிக்கு 30 பிரேமில், 1/60 ஷட்டரில் (ஒவ்வொரு பிரேமும் 1/60 நொடி வெளிச்சம் வாங்கும்) எடுத்திருக்கும். அது விளக்கின் துடிப்போடு பொருந்தாது. இவற்றை நாமே மாற்றவிடும் மேனுவல் கேமரா ஆப் போட்டு 25 பிரேம், 1/50 வையுங்கள். எடுத்து முடித்ததை முழுசாகச் சரிசெய்ய முடியாது. அந்தக் காட்சியைத் திரும்ப எடுப்பதே மலிவு.

ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். ஃபேன் சத்தத்தை மென்பொருளில் கழுவினால் வசனமும் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் 30 நொடி பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டுகளுக்கு நடுவே ஒட்ட உதவும்.

சப்டைட்டிலைப் படத்தில் பதிக்காதீர்கள். படம் தனி, எஸ்ஆர்டி கோப்பு (சப்டைட்டில் வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் உள்ள கோப்பு) தனி. இன்னு-அய்முன் படங்கள் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் சப்டைட்டிலோடு சுற்றுகின்றன. உங்களுக்கும் நாளைக்கு மராத்தி வேண்டியிருக்கலாம். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 42 எழுத்து போதும். தமிழில் நாம் மூச்சுவிடாமல் பேசுவதால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிப்பதற்குள் ஷாட் போய்விடும். சுருக்குங்கள்.

யூடியூப் வேண்டாம், பொறுங்கள். முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் உண்டு. பாஸ்வேர்டு போட்ட இணைப்பு அனுப்புங்கள். பின்னணியில் டீக்கடை ரேடியோ சினிமாப் பாட்டு ஓடினால் அதற்கும் உரிமை வாங்க வேண்டும். அந்த ஒலியை இப்போதே நீக்கிவிடுங்கள்.