இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்த வோட்கா காக்டெயில் வீட்டில் செய்தால் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது? சரியான அளவு என்ன?

வோட்காவை மாற்றிப் பார்ப்பதால் பெரிய பலன் இருக்காது. நீங்கள் கேட்கும் பானத்துக்கு மாஸ்கோ மியூல் என்று பெயர். அதில் வோட்கா தன் சுவையை முன்னால் காட்டாது. காரம் இஞ்சியுடையது, மணம் எலுமிச்சையுடையது. சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். இஞ்சியைக் கொதிக்க வைத்திருப்பீர்கள், அல்லது குளிராத சோடாவை ஊற்றியிருப்பீர்கள்.

பெயரில் மாஸ்கோ இருந்தாலும் இது 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரபலமானது. லாஸ் ஏஞ்சலிஸில் காக் அண்ட் புல் என்ற மதுக்கூடத்தை நடத்திய ஜாக் மார்கனிடம் ஜிஞ்சர் பீர் (பெயரில்தான் பீர், உண்மையில் காரமான இஞ்சி சோடா) விற்காமல் தேங்கிக் கிடந்தது; ஸ்மிர்னாஃப் வோட்காவை விற்க முயன்ற ஜான் மார்ட்டினுக்கும் அதே கதி; இரண்டையும் கலந்து விற்றார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு: வோட்கா 45 மில்லி, ஜிஞ்சர் பீர் 120 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி. இந்த அளவு காரமான ஜிஞ்சர் பீரை நம்பி எழுதப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஜிஞ்சர் ஏல். அதில் இனிப்பு அதிகம், இஞ்சி குறைவு. அதை ஊற்றிவிட்டுக் காரத்தை எதிர்பார்க்க முடியாது. இலங்கையில் இருப்பவர்களுக்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் கிடைக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தலாம், இனிப்பை ஈடுகட்ட எலுமிச்சையை மட்டும் 15 மில்லியாக உயர்த்துங்கள். மற்றவர்களுக்கு இஞ்சி சிரப்பும் சாதா சோடாவும்தான் வழி. முறையாகச் செய்தால் பாட்டிலில் வருவதைவிட இதுவே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

சிரப்புக்கு முற்றின இஞ்சி 150 கிராம் எடுங்கள். இளம் இஞ்சியில் சாறு நிறைய வரும், காரம் வராது. கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டி, நன்றாகக் கழுவி, பொடியாகத் துருவி, மெல்லிய துணியில் போட்டு இறுக்கிப் பிழியுங்கள். இஞ்சியின் ஈரத்தைப் பொறுத்து 60 முதல் 75 மில்லி வரை சாறு வரும். மிக்ஸியில் அரைப்பதானால் நாருக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக நறுக்கிவிட்டு அரையுங்கள். நீளமாகப் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் விடாமல் மிக்ஸி ஓடாது என்றால் மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள்.

பிழிந்த சாற்றைக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் தெளிய வைத்து மேலே இருப்பதை மட்டும் இறுப்பார்களே, அதே வேலைதான் இங்கேயும். அந்த மாவு உள்ளே போனால் பானம் நாக்கில் சுண்ணாம்புபோல் ஒட்டும்.

தெளிந்த சாறு 60 மில்லிக்குச் சர்க்கரை 80 கிராம். பொடித்துப் போட்டால் சீக்கிரம் கரையும். அடுப்பில் ஏற்றவே கூடாது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். சூடு பட்டால் அதில் ஒரு பகுதி, காரம் குறைந்த ஜிஞ்சரோனாக மாறிவிடும். அதனால்தான் கொதிக்க வைத்த சிரப்பு இஞ்சி முரப்பாவின் வாசனையோடு இனிப்பாக நிற்கிறது. தொண்டையில் இறங்கும் உறைப்பு போய்விடுகிறது. பத்து நிமிடம் கலக்கினால் சூடில்லாமலே கரையும். சுமார் 110 மில்லி சிரப்பு கிடைக்கும், ஏழு கிளாஸுக்குப் போதும். மிக்ஸியில் தண்ணீர் விட்டு எடுத்த சாற்றுக்குச் சம எடை சர்க்கரை போட்டு, ஒரு கிளாஸுக்கு 20 மில்லியாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும், ஆனால் நாளுக்கு நாள் காரம் இறங்கும். நீண்ட நாள் வேண்டுமானால் சர்க்கரை சேர்க்காத சாற்றை ஐஸ் ட்ரேயில் உறைய வையுங்கள். சிரப்பாக வைத்தால் சர்க்கரை அதைக் கெட்டியாக உறைய விடாது.

எலுமிச்சை விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். மேல்நாட்டுக் குறிப்புகளில் லைம் என்று போட்டிருப்பதைப் பார்த்து சூப்பர் மார்க்கெட்டில் பச்சைப் பழத்தைத் தேடி அலைய வேண்டாம். புளியங்குடிச் சந்தையிலிருந்து வரும் மெல்லிய தோல் எலுமிச்சை லைம் வகைதான், மணமும் அதிகம். பழத்துக்குப் பழம் 12 முதல் 18 மில்லி வரை சாறு வரும். பிழியும் கருவியில் வைத்து முரட்டுத்தனமாக நசுக்கினால் விதையும் வெள்ளைத் தோலும் கசப்பை இறக்கிவிடும். சாற்றை அன்றைக்கே பிழிய வேண்டும். முதல் நாள் பிழிந்து வைத்ததில் புளிப்பு இருக்கும், மணம் போயிருக்கும். ஆரஞ்சுச் சுவையும் வேண்டும் என்றால் கமலா ஆரஞ்சுச் சாறு 30 மில்லி சேர்த்து, சோடாவில் அந்த அளவைக் குறையுங்கள். சாத்துக்குடி வேண்டாம்; அதில் புளிப்பு போதாது, பிழிந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கவும் தொடங்கும்.

இனி கலப்பது. 300 முதல் 350 மில்லி கொள்ளும் உயரமான கிளாஸில் வோட்கா 45, எலுமிச்சைச் சாறு 15, இஞ்சி சிரப்பு 15 மில்லி ஊற்றி, ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு போடுங்கள். உப்புச் சுவை தெரியக் கூடாது. கசப்பை அடக்கிப் புளிப்பைத் தூக்கிக் கொடுக்க மட்டுமே. ஐஸ் போடுவதற்கு முன்பே இவற்றை நன்றாகக் கலக்குங்கள். சிரப்பு கனமானது, கலக்காவிட்டால் அடியில் தங்கி, முதல் வாய் புளிப்பாகவும் கடைசி வாய் பாகாகவும் இருக்கும். பிறகு ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த ஐஸை கிளாஸ் விளிம்பு வரை நிரப்புங்கள். குறைவாகப் போட்டால் நீர்த்துப் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: ஐஸ் நிறைய இருந்தால் பானம் சட்டென்று குளிர்ந்துவிடும், அதன்பின் உருகுவது மெதுவாகத்தான். வெளியே வைத்து ஈரமான ஐஸ் வேண்டாம், ஒட்டியிருக்கும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும்.

மேலே 90 மில்லி சோடா. புதிதாகத் திறந்த பாட்டிலாக, முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்ததாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீர்தான் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும். வெதுவெதுப்பான சோடா ஐஸைத் தொட்டதுமே நுரைத்துப் பொங்கி, குடிக்கும்போது உயிரில்லாமல் இருக்கும். கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள், போதும். சோடா சேர்த்த எதையும் ஷேக்கரில் போட்டுக் குலுக்காதீர்கள், மூடி தெறிக்கும். கடைசியாக எலுமிச்சைத் தோலில் ஒரு சீவலை கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். தெறிக்கும் எண்ணெயில்தான் பெரும்பங்கு மணம் இருக்கிறது.

புளிப்பு தூக்கலாக இருந்தால் எலுமிச்சையைக் குறைப்பதைவிட சிரப்பை 5 மில்லி கூட்டுவதே நல்லது, காரமும் சேர்ந்து ஏறும்.

இதைச் செம்புக் குவளையில் கொடுப்பது வழக்கம். உள்ளே எவர்சில்வரோ நிக்கலோ பூசிய குவளையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் செம்பில் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து வரும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் pH அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6க்குக் கீழே உள்ள எதையும் பூச்சில்லாத செம்பில் வைக்கக் கூடாது என்கின்றன. இந்தப் பானம் அந்த எல்லைக்கு வெகு கீழே. நம் வீடுகளில் ஈயம் பூசாத பாத்திரத்தில் ரசம் வைக்காததும் இதற்காகத்தான்.

நண்பர்கள் வந்தால் கணக்கு எளிது: வோட்கா மூன்று பங்கு, எலுமிச்சை ஒன்று, சிரப்பு ஒன்று, சோடா ஆறு. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சரியாக நாலு கிளாஸ் வரும். சோடா தவிர மற்றதை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ஜக்கில் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். சோடாவை கிளாஸில்தான் ஊற்ற வேண்டும், ஜக்கில் அல்ல.

வலிமையையும் மனதில் வையுங்கள். இந்தியாவில் விற்கும் வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம். 45 மில்லியில் சுமார் 19 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஐஸ் உருகியபின் கிளாஸில் ஏறக்குறைய 190 மில்லி இருக்கும் என்றால் பானம் பத்து சதவீதம், சாதாரண பீரைப்போல் இரண்டு மடங்கு. இஞ்சியும் புளிப்பும் அதை முழுவதும் மறைத்துவிடும், தாகத்துக்குக் குடிப்பதுபோல் வேகமாக இறங்கும். கண்ணளவில் ஊற்றாமல் 30, 60 மில்லி அளவுக் குவளையால் அளந்தே ஊற்றுங்கள். வண்டி ஓட்டப் போகிறவருக்கு வோட்காவை விட்டுவிட்டு சிரப்பை 20 மில்லியாகவும் சோடாவை 150 மில்லியாகவும் கூட்டிக் கொடுங்கள். உப்பு இன்னும் ஒரு சிட்டிகை தாங்கும்.