கல்லாவுக்குப் பக்கத்தில் மனுவை வைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தின் ஒரு 'ட்ரை கவுண்டி'யில் (மது விற்பனைக்குத் தடை உள்ள மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஏழு வருடமாகச் சின்ன ஓட்டல் நடத்துகிறோம். இந்தக் கவுண்டியில் மதுக்கடையே கிடையாது. தடையை நீக்க வாக்கெடுப்பு வேண்டும் என்று ஊரில் சிலர் கையெழுத்து வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். "மனுவை உங்கள் கல்லாவில் வையுங்கள், வருகிறவர்களிடம் பேசுங்கள்" என்று என் கணவரைக் கேட்கிறார்கள். பிரியாணியோடு பீர் விற்றால் வாடகையாவது தேறும் என்பது அவர் கணக்கு. எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அப்பா குடித்தே போனவர். அது இவருக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். தவிர, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட வரும் குடும்பங்களை நம்பித்தான் கடை ஓடுகிறது. அவர் குடியுரிமை வாங்கிவிட்டார், எனக்கு கிரீன் கார்டுதான். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், சொந்த ஊர் சேலம்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதரவா எதிர்ப்பா என்பதெல்லாம் அப்புறம், நீங்கள் அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு செய்த வாக்காளர்தான் போடலாம், கிரீன் கார்டை வைத்து வாக்காளராகப் பதிய முடியாது. கையெழுத்து வாங்க வருகிறவர் நல்லெண்ணத்தோடேயே, "இன்னும் ரெஜிஸ்டர் பண்ணவில்லையா? இதோ படிவம்" என்று நீட்டக்கூடும். அதில் 'நான் அமெரிக்கக் குடிமகள்' என்கிற இடத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். நாளைக்கு நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது பூதமாகக் கிளம்பும். நாடு கடத்தல் வரைக்கும்கூடப் போகலாம். உங்களுக்காக உங்கள் கணவர் கையெழுத்துப் போடுவதும் கூடாது. பேங்க் படிவத்திலிருந்து பள்ளிக்கூட டைரி வரை ஒருவருக்காக இன்னொருவர் போட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே அது குற்றம்.

அடுத்தது கல்லா. ஆர்கன்சாவில் கையெழுத்து வாங்குபவர், ஒவ்வொருவரும் தன் கண்ணெதிரே போட்டார்கள் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். சோம்புக் கிண்ணத்துக்கும் விசிட்டிங் கார்டு டப்பாவுக்கும் நடுவே, பேனாவை நூலில் கட்டி வைத்த காகிதம் அதற்கு ஆகாது. உங்கள் கணவர் உள்ளே தோசை திருப்பும்போது யாரோ போட்டுவிட்டுப் போனதை "நான் பார்த்தேன்" என்று அவர் எழுதிக்கொடுத்தால், அது பொய் உறுதிமொழி. இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மனுக்களை எதிர்த்தரப்பு வக்கீல்கள் வரி வரியாக அலசுவார்கள். கவுண்டியில் பதிவான வாக்காளர்களில் 38 சதவீதம் பேர் கையெழுத்திட்டால்தான் வாக்கெடுப்பே நடக்கும். பத்தாயிரம் வாக்காளர் இருந்தால் 3,800 பேர். மற்ற உள்ளூர் விஷயங்களுக்கு, முந்தைய தேர்தலில் விழுந்த வாக்குகளில் 15 சதவீதம் போதும். மதுவுக்கு மட்டும்தான் இந்த உயரம்.

அதனால் இது நாலு ஆர்வலர்கள் மாலை நேரத்தில் முடித்துவிடும் வேலை இல்லை. வால்மார்ட்டின் தலைமையகம் இருக்கும் பென்டன் கவுண்டி, 1940களிலிருந்து ட்ரையாக இருந்து 2012 நவம்பரில்தான் மாறியது. அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் தேவைப்பட்டன. வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் பேரன்களே பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தார்கள். உங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: செலவு யாருடையது? பதில் சொல்லத் தயங்கினால் உங்கள் கடை பெயரை அதில் சேர்க்க வேண்டாம்.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் சர்ச்காரர்கள் என்றும் நினைக்காதீர்கள். 2014இல் மாநிலம் முழுவதும் தடையை நீக்கும் சட்டத்திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. எதிர்ப்புப் பிரசாரத்துக்குக் காசு கொடுத்தவர்களில் மதுக்கடைக்காரர்களும் இருந்தார்கள்! பக்கத்துக் கவுண்டி ட்ரையாக இருக்கும்வரைதான் எல்லைக்கோட்டுக் கடைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டம். பாதிரியாரும் சாராயக் கடைக்காரரும் ஒரே பக்கம் நிற்கும் விசித்திரம் அங்கே புதிதில்லை.

சரி, வாடகைக் கணக்குக்கு வருவோம். வாக்கெடுப்பு ஜெயித்தால் உடனே லாபம் பார்ப்பது மளிகை சூப்பர் மார்க்கெட்டும் புதிதாக வரும் மதுக்கடையும்தான். ஓட்டலுக்குத் தனியாக லைசென்ஸ், கூடுதல் இன்சூரன்ஸ், பரிமாறுகிறவர்களுக்கு வயது வரம்பு எல்லாம் உண்டு. விஸ்கி, காக்டெயில் வகையறாவுக்குச் சட்டத்தில் வேறு ஏற்பாடு. கவுண்டி மாறியதாலேயே அது வந்துவிடாது. இன்னொன்று, ட்ரை கவுண்டியிலேயே சில ஓட்டல்கள் 'பிரைவேட் கிளப்' என்ற பெயரில் மது பரிமாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவு செய்து, நகர மன்றத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டிய சுற்றுவழி அது. உங்கள் அளவுக் கடைக்குக் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வாக்கெடுப்பு வந்தால்தான் விடிவு என்று யாராவது சொன்னால் இதையும் கேட்டுப்பாருங்கள்.

இதையெல்லாம் விட உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'மேலோட்டமாகத்தான் தெரியும்' என்ற வரி. உங்கள் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஒரு காலத்து ட்ரை மாவட்டத்தில் பிறந்து, அந்தத் தடை போன பிறகு அப்பாவை இழந்து, இன்னொரு ட்ரை கவுண்டியில் கடை வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு மனசு ஒப்பாததில் ஆச்சரியமில்லை. ஆனால் அதை உங்கள் கணவரிடம் 'வியாபாரம் கெடும்' என்ற பாஷையில் பேசினால், அவர் கால்குலேட்டரை எடுத்துப் பதில் சொல்வார். அப்பா கதையை முழுசாகச் சொல்லுங்கள், கையெழுத்துக்காரர்கள் திரும்பி வருவதற்கு முன்னால். கடை சாத்திய பிறகு, பாத்திரம் ஊறும் நேரத்தில். கேட்ட பிறகும் அவர் ஆதரிக்கலாம். அது அவருடைய ஓட்டு, அவர் போடட்டும். கையெழுத்தும் வெளியே அவர்களுடைய மேசையில் போய்ப் போடட்டும்.

ஓட்டல் மட்டும் இதில் வேண்டாம். "கடைக்குள் ஓட்டு விஷயம் எதையும் வைப்பதில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அடுத்த ஞாயிறு சர்ச் குடும்பம் ஒன்று 'வேண்டாம் என்று வாக்களியுங்கள்' அட்டையை ஜன்னலில் மாட்டச் சொல்லிக் கொண்டுவந்தாலும் அதே வரிதான். அன்றைக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் உள்ளுக்குள் உங்களுக்கு அதை மாட்ட ஆசை இருக்கும்.