வடசென்னையில ரவுடி கும்பல்களோட ஆயுதங்கள் காலப்போக்குல எப்படி மாறிச்சு?

எங்கப்பா பழைய வண்ணாரப்பேட்டையில சோடா கடை வச்சிருந்தாரு. சின்ன வயசுல கடையில நான் கத்துக்கிட்ட முதல் பாடமே, தெருமுனையில சத்தம் கேட்டா எட்டிப் பாக்கக் கூடாது, சோடா பெட்டிய உள்ள இழுக்கணும். ஏன்னா அப்போ சண்டைக்கு வர்றவன் பெரும்பாலும் வெறுங்கையோடதான் வருவான், கலாட்டா ஆரம்பிச்ச பிறகுதான் பக்கத்துல என்ன கிடக்குன்னு தேடுவான், முதல்ல கண்ணுல படுறது எங்க கடை கோலி சோடாதான். கேஸ் அடைச்ச பாட்டில், கனமான கண்ணாடி, குலுக்கி வீசுனா ரோட்டுல விழுந்து வெடிக்கிற சத்தத்துக்கே பாதி கூட்டம் ஓடிடும். எல்லாம் அடங்குன பிறகு அப்பா உடைஞ்ச பாட்டிலை எண்ணி நோட்டுல எழுதி வைப்பாரு. அந்தக் காசை யார்கிட்டயும் போய்க் கேக்க முடியாது, ஆனாலும் எழுதுவாரு.

அதுக்கு முந்தின தலைமுறைக்கு கைதான் பெருமை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு குத்துச்சண்டை போட்ட ஊரு இது, பேட்டைக்கு ஒரு வஸ்தாது, அதாவது சண்டை சொல்லித்தர்ற வாத்தியாரு இருப்பாரு. அவங்க விளையாட்டுக்காரங்க, ரவுடிங்க இல்ல, அத தெளிவா சொல்லிடறேன். ஆனா அந்த மரியாதை தெருவுலயும் இருந்துச்சு, கத்திய எடுத்தவன கோழைன்னுதான் பெருசுங்க பேசுவாங்க.

சோடா பாட்டில் தவிர மத்த ஆயுதம் எல்லாம் வேலை செய்யற இடத்துலேந்து வந்ததுதான். சைக்கிள் செயின், காசிமேட்டுல மீன் வெட்டுற கத்தி, ஹார்பர்ல மூட்டை தூக்குற கொக்கி. எங்க பெரியப்பா ஹார்பர் மூட்டைக்காரரு, மரப்பிடி போட்ட அந்தக் கொக்கி எப்பவும் அவர் இடுப்புல இருக்கும், கூலி வாங்கற இடத்துல தகராறு வந்தா அதே கொக்கி கைக்கு வந்துடும். வயித்துப் பாட்டுக்கு வச்சிருந்த பொருள். அத வச்சு ஒருத்தனை கொன்னுட்டா மறுநாள் வேலைக்குப் போக முடியாதுங்கிற பயம் இருந்துச்சு. 1983-ல மெட்ராஸ் துறைமுகத்துல கன்டெய்னர் டெர்மினல் வந்துச்சு, மூட்டை வேலை கொஞ்சம் கொஞ்சமா சுருங்குச்சு, 1996-ல பின்னி துணி மில்லு மூடிட்டாங்க. கொக்கியும் போச்சு, அந்தப் பயமும் போச்சு. நான் பாத்த வரைக்கும் பெரிய மாற்றம் இதுதான்.

80, 90கள்ல சாராயம், மாமூல், அப்புறம் நிலம்னு பணம் புழங்க ஆரம்பிச்ச பிறகு சூரிக்கத்தி பிச்சுவா எல்லாம் பின்னாடி போயி வீச்சரிவாளும் பட்டாக்கத்தியும் முன்னாடி வந்துச்சு. இது தற்செயலா கையில கிடைக்கிற பொருள் இல்ல, சொல்லி செஞ்சு ஒளிச்சு வைக்கிறது. அதாவது சண்டைக்கு முன்னாடியே கொலைய முடிவு பண்ணியாச்சு, ஸ்கெட்ச் போடறதுன்னு சொல்றாங்களே அதான். நாட்டு வெடிகுண்டும் கூடவே வந்துச்சு, ஆனா பல சம்பவத்துல குண்டு ஆளை சாகடிக்க இல்ல, ஜனங்கள சிதறடிக்க, புகையில மாட்டுனவன அரிவாளால முடிக்க. சோடா பாட்டில் செஞ்ச அதே வேலைதான், பத்து மடங்கு கொடூரமா.

எங்க சித்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தாங்க. அங்க கைக்குன்னே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி ஆரம்பிச்சது, மெஷின்ல மாட்டுன கைய ஒட்ட வச்சே பேர் வாங்குன இடம். சித்தி சொல்லுவாங்க, முன்னெல்லாம் பட்டறையிலேந்தும் ஃபேக்டரியிலேந்தும் வருவாங்க, அப்புறம் அரிவாள தடுக்க கையத் தூக்குன பசங்களும் வர ஆரம்பிச்சாங்கன்னு. வெட்டு முழங்கைக்குக் கீழ குறுக்கால இருக்குமாம், பாத்ததுமே தெரிஞ்சிடுமாம்.

துப்பாக்கி ஏன் வரலன்னு நிறைய பேரு கேக்கறாங்க. வந்துச்சு, ஆனா ரொம்பக் கம்மி. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு போலீஸ் 'ஆபரேஷன் டிஸார்ம்'னு மாநிலம் பூரா ரெய்டு விட்டாங்க, அதுல சிக்குன கத்தி அரிவாள் ஆயிரத்துக்கும் மேல, துப்பாக்கி வெறும் 7. 2024 ஜூலை 5-ஆம் தேதி பெரம்பூர்ல பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்க வெட்டுனதும் அரிவாளாலதான், சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க மாதிரி டிரஸ் போட்டு வந்து. துப்பாக்கி வாங்கணும்னா வெளி மாநிலத் தொடர்பு வேணும், பணம் வேணும், தோட்டா தீந்தா மறுபடி அலையணும். அரிவாளுக்கு ஒரு பட்டறை போதும். இன்னொண்ணும் இருக்கு, வெட்டுனவன் பேரு ஏரியாவுல நிக்கும், அந்த பயம்தான் அவனுங்களுக்கு முதலீடு.

சட்டத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஆயுதச் சட்ட விதிப்படி 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருக்கிற கத்தி ஆயுதக் கணக்குல வரும், ஆனா வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு. விலக்கு நியாயமானதுதான், இளநீர் வெட்டறவரு எங்க போவாரு? ஆனா அந்த சந்துலதான் எல்லாம் நுழையுது. அதனாலதான் 2021 ரெய்டுக்கு அப்புறம் அரிவாள் செய்யற பட்டறைங்க வாங்கறவன் பேரு அட்ரஸ் எழுதணும், கேமரா வைக்கணும்னு போலீஸ் சொன்னாங்க. அத விடாம செஞ்சாலே நாலு உசுரு மிஞ்சும்னு நான் உறுதியா நம்பறேன். குண்டர் சட்டம் 1982-லேந்து இருக்கு, ஒரு வருஷம் உள்ள வைக்கலாம், ஆனா அது சம்பவத்துக்கு அப்புறம்தானே பெரும்பாலும் வருது.

இப்போ எனக்கு வயிறு எரியறது சின்னப் பசங்களப் பாத்துதான். பர்த்டே கேக்க பட்டாக்கத்தியால வெட்டறான், ரீல்ஸ் போடறான், ரயில்ல தொங்கிக்கிட்டே கத்திய பிளாட்பாரத்துல தேய்ச்சு தீப்பொறி பறக்க விடறான். அவனுக்கு எதிரியே கிடையாது, கத்தி மட்டும் இருக்கு. கத்தி இருக்கிறதாலயே ஒருநாள் எதிரி வந்துடறான்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பின்தெரு அக்கா ஒருத்தங்க சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தாங்க, கையில பழைய நைட்டி சுத்துன ஒரு பொட்டலம். மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னாடி இருந்துச்சாம், பையன் பிளஸ் டூ படிக்கிறான். பிரிச்சுப் பாத்தேன். லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது, என் முழங்கையிலேந்து விரல் நுனி வரைக்கும் நீளம், பிடிக்கு சைக்கிள் டியூப் இறுக்கி சுத்தியிருந்துச்சு, ஓரத்துல சாணை பிடிச்ச கோடு இன்னும் புதுசா மின்னுச்சு. ஒரு தடவை கூட எதையும் வெட்டாத கத்தி. அந்தக்கா 'தம்பி, இத எங்க போடறது, குப்பையில போட்டா வேற எவனாவது எடுத்துக்குவானே'ன்னு கேட்டாங்க.

ரெண்டு பேருமா காயலான் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் ஒண்ணும் கேக்கல, கிரைண்டர போட்டு எங்க கண்ணு முன்னாடியே மூணு துண்டா அறுத்தாரு, தராசுல வச்சாரு. காசு நீட்டுனாரு, அக்கா வாங்கல. அந்த டியூப் சுத்துன பிடிய மட்டும் வாங்கி பையில போட்டுக்கிட்டாங்க, ராத்திரி பையன் வந்ததும் சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல அத வைக்கப் போறேன்னாங்க.