வாதம் எங்கே உடைகிறது?

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களின் வாதக் கட்டுரைகளில் நடை நன்றாக இருந்தாலும் வாதம் நிற்பதில்லை. எப்படி மதிப்பிடுவது?

பதில்: முதல் வாசிப்பில் எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள். முடிவையும் ஆதாரத்தையும் அடிக்கோடிட்டு, நடுவே 'ஆகவே' சேர்த்துப் படியுங்கள். "மாணவர்கள் வகுப்பில் கேம் ஆடுகிறார்கள், ஆகவே பள்ளியில் செல்போனைத் தடை செய்ய வேண்டும்." வகுப்பு நேரத்தில் மட்டும் வாங்கி வைத்தால் போதாதா? இதற்குக் கட்டுரையில் பதில் இல்லையென்றால், ஆதாரத்தை முடிவோடு இணைக்கும் நியாயம் விடுபட்டிருக்கிறது. பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வாதத்தின் தனி உறுப்பாகப் பிரித்துக் காட்டியது இதைத்தான். தனக்கு அது வெளிப்படையாகத் தெரிவதால் மாணவர் எழுதாமல் விடுகிறார். 10 மதிப்பெண்ணில் இந்த இணைப்புக்கே 4 ஒதுக்குங்கள்; ஆதாரத்துக்கு 3, முடிவுக்கு 1, எதிர்வாதத்துக்கு 2. எதிர்த்தரப்பைப் பேருக்குச் சொல்லி 'ஆனாலும்' என்று தாண்டினால் அந்த 2 கிடையாது. ஓரத்தில் 'தெளிவில்லை' என்பதைவிட, 'இதிலிருந்து அது எப்படி வருகிறது?' என்று எழுதுங்கள்.